புத்தகம் கிழிந்தால் கிழியட்டும்

செப்டம்பர் 8 வந்தால் டைம்லைன் முழுக்க எழுத்தறிவு தின வாழ்த்துகள். போன வருடம் நானும் ஒன்று போட்டேன். மரத்தடியில் ஒரு குழந்தை புத்தகம் படிக்கிற படம், கீழே உருக்கமாக இரண்டு வரி. அன்றைக்குச் சாயங்காலமே அக்கா மகள் என் புத்தக அலமாரியில் கை வைத்தாள். "ஏய், அதைத் தொடாதே, கிழிச்சிடுவே" என்று கத்திவிட்டேன். அப்புறம்தான் காலையில் போட்ட பதிவு ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது மூன்றரை வயது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே போய் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஒரு வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் இந்த முறை படம் கிடையாது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த நாளை யுனெஸ்கோ 1966இல் அறிவித்தது, 1967இலிருந்து கொண்டாடுகிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் உலகத்தில் 70 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் வருடா வருடம் பகிர்கிறோம். நான் சொல்ல வருவது அதற்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு கணக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போகிற, எழுத்துகள் தெரிந்த, ஆனால் படிக்கத் தெரியாத குழந்தைகளின் கணக்கு.

அதெப்படி எழுத்து தெரிந்தும் படிக்கத் தெரியாமல் போகும் என்று கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், எட்டு வயது. ஒருநாள் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து வந்து என்னிடம் வாசித்துக் காட்டினான். "ம...ர...த்...தின்... மே...லே... கு...ரு...வி..." ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரல் நகர்ந்தது. எந்த எழுத்தும் தப்பவில்லை. 'கூடு கட்டியது' என்று முடித்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. "யாருடா கூடு கட்டுனது?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "மரம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் பொய் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு இருக்கிற கவனம் முழுவதும் எழுத்துக்கே செலவாகிவிடுகிறது. வரியின் கடைசிக்கு வரும்போது வரியின் முதல் பாதி நினைவிலிருந்து நழுவியிருக்கும். பேச்சு குழந்தைக்குத் தானாக வந்துவிடும், வாசிப்பு அப்படி வராது. மனிதன் எழுத ஆரம்பித்தே ஐயாயிரம் வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஏற்பாடு எதுவும் இல்லை. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காண்கிற பகுதிகளைத்தான் ஒவ்வொரு குழந்தையும் புதிதாக எழுத்துக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. சைக்கிள் மாதிரி. முதலில் பெடலைப் பார்த்துப் பார்த்து மிதிக்க வேண்டும், ஓட்ட ஓட்டத்தான் பெடல் மறந்து பாதை தெரியும்.

இந்த நிலைக்கு உலக வங்கி 2019இல் 'கற்றல் வறுமை' என்று ஒரு பெயர் வைத்தது. ஒரு எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத 10 வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் என்பது கணக்கு. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பாதிக்கும் மேல் என்று அப்போது சொன்னார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2022இல் வந்த மதிப்பீடு 70 சதவீதம். பத்தில் ஏழு குழந்தைகள்.

சரி, ஓட்ட ஓட்டத்தான் வரும் என்றால் ஓட்டுவதற்கு ஒரு சைக்கிள் வேண்டாமா? இந்தக் குழந்தைகளில் பலருடைய வீட்டில் இருக்கிற ஒரே புத்தகம் பாடப்புத்தகம். அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. குருவி கூடு கட்டினால் அடுத்த பக்கத்தில் 'குருவி எங்கே கூடு கட்டியது?' என்று ஒரு மதிப்பெண் கேள்வி. அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலில் பக்கத்தைப் புரட்டுகிற பழக்கத்தை இது எப்படிக் கொடுக்கும்?

இனி ஒரு கண்ணாடி பீரோ கதை. ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன், எந்தப் பள்ளி என்பது வேண்டாம். தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் ஒரு பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள். அட்டைகள் பளபளவென்று இருந்தன. எல்லாம் புத்தம் புதியவை போலிருக்கிறது என்று நினைத்தேன். வந்து ஆறு வருடம் ஆகிறதாம். பீரோவில் பூட்டு. சாவி ஒரு டீச்சரிடம், அவர் அன்றைக்கு லீவு. "பிள்ளைங்ககிட்ட குடுத்தா கிழிச்சிடுவாங்க சார், ஸ்டாக் கணக்குல ஒண்ணு குறைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றார் தலைமையாசிரியர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புத்தகம் தொலைந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. புத்தகம் படிக்கப்படாமல் கிடந்தால் கேட்க யாரும் இல்லை. அப்படி ஒரு ஏற்பாட்டில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள்.

கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே 'புத்தகம் பயன்படுத்துவதற்கே' என்பதுதான். இதைப் போய் ஒரு விதியாக எழுத வேண்டுமா என்று முதலில் படித்தபோது தோன்றியது. ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். சங்கிலி போய் இப்போது பூட்டு வந்திருக்கிறது. பூட்டுப் போடாத என் வீட்டில் என் குரல்.

கிழிகிற பயத்துக்கு அடுத்தபடியாக நான் பார்க்கிற கோளாறு, நாம் கொடுக்கிற புத்தகங்கள். இதிலும் நான் யோக்கியன் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் வீட்டை ஒழித்தபோது ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தேன். மனசு நிறைந்திருந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனால் பெட்டி அப்படியே இருந்தது. திறந்து உட்கார்ந்து பார்த்தேன். காலாவதியான பொது அறிவுத் தொகுப்பு, யாரோ எழுதி முடித்த தேர்வின் கையேடு, பொடி எழுத்தில் நீதிக்கதைகள், அட்டை போன அகராதி. எனக்கு வேண்டாததையெல்லாம் பொறுக்கிக் கொடுத்துவிட்டு அதற்கு தானம் என்று பெயர் வைத்திருக்கிறேன். நானே படிக்காத புத்தகத்தை ஒரு ஏழு வயதுப் பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும்?

பெட்டியில் ஒன்றே ஒன்று குறைந்திருந்தது. பாம்புகளைப் பற்றிய படப் புத்தகம், தவறிப்போய் உள்ளே வந்தது. ஒரு சிறுமி எடுத்திருக்கிறாள் என்றார்கள். கூப்பிட்டுக் கேட்டதும், திருப்பிக் கேட்கிறேன் என்று பயந்து பின்னால் மறைத்துக்கொண்டாள். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றதும் பேச ஆரம்பித்தாள் பாருங்கள், அரை மணி நேரம். எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எது முட்டை போடும், எது குட்டி போடும். 'விரியன்' என்ற வார்த்தையை ஒரே மூச்சில் வாசித்தாள். எழுத்துக்கூட்டவில்லை. ரங்கநாதனின் மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது. அந்தப் பாம்புப் புத்தகத்துக்கு அவள்.

குழந்தைக்கு எது நல்லது என்று நாமே முடிவு பண்ணி நீதிபோதனையைத் திணிக்கிற வழக்கம் எப்போது நம்மை விட்டுப் போகும் என்று தெரியவில்லை. பேய்க்கதை கேட்டால் பேய்க்கதை கொடுப்போம். படக்கதை கேட்டால் அதுவும் வாசிப்புதான். பாதியில் பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டால் விட்டுவிடுவோம், நாம் எத்தனை புத்தகத்தைப் பாதியில் வைத்திருக்கிறோம்? மொழியும் அப்படித்தான். முதல் புத்தகம் குழந்தை வீட்டில் பேசுகிற மொழியில், அதன் காதுக்குப் பழகிய வார்த்தைகளில் இருக்க வேண்டும். 'எனினும் அவ்வேளையில் அணிலானது' என்று ஆரம்பிக்கிற குழந்தைக் கதைகளை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் குழந்தையும் எந்த அணிலைப் பற்றியும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறவர் யெல்லா லெப்மன். ஜெர்மனியைச் சேர்ந்த யூதப் பத்திரிகையாளர். ஹிட்லர் ஆட்சியில் பிள்ளைகளோடு தப்பி லண்டன் போனவர், போர் முடிந்த 1945இல் அதே ஜெர்மனிக்குத் திரும்பி வந்தார். அமெரிக்க ராணுவத்துக்குப் பெண்கள், குழந்தைகள் விஷயத்தில் ஆலோசகர் வேலை. ஊரெல்லாம் இடிபாடு. சோற்றுக்கும் போர்வைக்கும் வழியில்லாத நேரத்தில் இந்த அம்மா 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதினார், உங்கள் குழந்தைப் புத்தகங்களை அனுப்புங்கள் என்று. நேற்று வரை ஜெர்மனியோடு சண்டை போட்ட நாடுகளும் அதில் உண்டு. புத்தகங்கள் வந்தன. 1946இல் மியூனிக்கில் கண்காட்சி வைத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் 1949இல் அதே ஊரில் தொடங்கிய சர்வதேச இளையோர் நூலகம்.

ஆனால் எனக்குப் பிடித்தது நூலகம் இல்லை, அதற்கு முந்தைய ஒரு சின்ன விஷயம். கண்காட்சிக்கு வந்த குழந்தைகள் புத்தகங்களைப் பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. இது அவருக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட இஷ்டமில்லாத ஒரு காளையின் கதையை அவரே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சடித்துக் குழந்தைகளுக்குச் சும்மா கொடுத்தார். செய்தித்தாள் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? ஒரு மாதம் கையில் புரண்டால் நைந்துவிடும். அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்! நைந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒன்று இருக்கட்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்.

தன்னுடையது என்ற எண்ணத்துக்கு ஒரு பலம் இருக்கிறது. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் 1995இல் தன் சொந்த மாவட்டத்தில் ஒரு திட்டம் ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகம் தபாலில் வீட்டுக்கு வரும், இலவசமாக. அவருடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அந்தக் குறைதான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்று அது பல நாடுகளுக்குப் பரவி, கொடுத்த புத்தகங்கள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. இதில் எனக்குப் பிடித்தது, உறையின் மேல் குழந்தையின் பெயர் இருக்கும் என்பது. தன் பெயருக்குத் தபால் வருகிற மூன்று வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற ஆசிரியர் இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கழுதைகளின் பெயர் அல்ஃபா, பெத்தோ. சேர்த்துச் சொன்னால் அவர்கள் மொழியில் 'அரிச்சுவடி'. நம் வாத்தியார்கள் கழுதை என்று திட்டியதற்கு எங்கோ ஒரு பதில் இருந்திருக்கிறது.

கையில் புத்தகம் என்று சொல்லும்போது நாம் மறந்துவிடுகிற சில கைகளும் உண்டு. பார்வையற்ற குழந்தைக்கு விரல்தான் கண். ஆனால் வெளியாகிற புத்தகங்களில் மிகச் சொற்பமே பிரெய்லில் வருகின்றன. காப்புரிமைச் சிக்கலைத் தளர்த்த 2013இல் மராக்கேஷ் உடன்படிக்கை ஏற்பட்டது. அதை முதலில் ஏற்ற நாடு இந்தியா, 2014இல். சட்டம் வந்துவிட்டது, புத்தகம் வர வேண்டும்.

பிள்ளைகள் போனைத்தான் பார்க்கிறார்கள் என்று யாராவது எழுத வருவீர்கள். வீட்டில் நம் கையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அக்கா மகளுக்கு இப்போது நாலரை வயது. அலமாரியின் கீழ்த்தட்டை அவளுக்கு விட்டுவிட்டேன். அங்கிருந்து ஒரு யானைப் புத்தகத்தை எடுத்து வருவாள், தினமும் அதே புத்தகம். நான் ஒரு வார்த்தை மாற்றி வாசித்தால் கண்டுபிடித்துவிடுவாள். முனைகளெல்லாம் கடித்து மழுங்கிவிட்டன, நடுவில் இரண்டு இடத்தில் செலோடேப். போன வாரம் கடைசிப் பக்கமே காணாமல் போய்விட்டது, யானை வீட்டுக்குத் திரும்புகிற பக்கம். தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. நேற்று ராத்திரி அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, வெறும் அட்டையின் உள்பக்கத்தில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே, யானை வீட்டுக்கே போகவில்லை, ஆற்றில் இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறது என்று வாசித்தாள்.