அம்மா ஏன் ஜீப்ராவை விட்டு விலகினார்

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு கப்பன் பார்க்கிலிருந்து பிள்ளைகளோடு திரும்பும்போது, ரோட்டைக் கடக்கும் ஜீப்ரா கோட்டுக்குப் பக்கத்தில் அம்மாவை ஒரு பைக் இடித்தது இங்கே பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். போன் செய்து விசாரித்த எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது, ஆறு வாரம் மாவுக்கட்டு. பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. இதைப் பற்றி மறுபடி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி குடும்பக் குழுவில் பெரியப்பா மகன், என் அண்ணன், போட்டதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

"ரோட்டுல நடக்கிறவங்களுக்கும் சட்டப்படி பொறுப்பு இருக்கு. ஜீப்ராவ விட்டுட்டு போனா வண்டிக்காரன் என்ன செய்வான்? ஓசி பஸ், ஓசி பார்க்குன்னு வயசானவங்கள இழுத்துக்கிட்டு அலையறதுக்கு ஒரு கேப் போட்டிருக்கலாம்."

அதற்கு நாலு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நாலு பேருமே அம்மா கையால் சாப்பிட்டவர்கள்.

அண்ணா, அம்மா ஜீப்ராவில்தான் இறங்கினார். நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்த பிறகுதான் இறங்கினார். பாதி ரோட்டில் ஜீப்ரா மேலேயே ஒரு கார் நின்றிருந்தது. கோட்டைத் தாண்டி முழு வண்டியும் வெள்ளைப் பட்டை மேல். அதன் மூக்கைச் சுற்றிக்கொண்டு இரண்டு எட்டு வெளியே வந்தார். அந்த இரண்டு எட்டில்தான் காருக்கு இடப்பக்கமிருந்து பைக் வந்தது, சிவப்பில். போலீஸ் ஸ்டேஷனிலும் முதல் கேள்வி இதுதான்: "ஜீப்ராவிலா, வெளியிலா?" ஜீப்ராவில் யார் நின்றார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஓசி என்ற சொல்லுக்கும் பதில் சொல்கிறேன். 2023 ஜூனிலிருந்து கர்நாடகத்துப் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அம்மா, நான், மகள் மூன்று பேரும் அப்படித்தான் அல்சூரிலிருந்து போனோம். பையனுக்கு மட்டும் டிக்கெட். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டோம். பார்க்குக்குள் இருக்கிற பால பவனில் குட்டி ரயில், ஆளுக்கு ஒரு மாங்காய்க் கீற்று, எல்லாம் சேர்த்து 200 ரூபாய் தாண்டவில்லை. இந்த லீவு முழுக்க இப்படித்தான். ஒரு வாரம் லால்பாக் பாறை. 300 கோடி வருஷத்துப் பாறை என்று சொன்னதும் பையன் அதன் மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டான். இன்னொரு வாரம் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை. 18 வருஷம் மூடியே கிடந்து 2009-ல் திறந்த கதையை அம்மாதான் சொன்னார். ஐந்து பேர் வாட்டர் பார்க் போகிற காசு எங்கள் வீட்டில் மூன்று மாத ஸ்கூல் வேன் காசு. இதில் எனக்கு வெட்கம் இல்லை.

கப்பன் பார்க்குக்குள் ஞாயிற்றுக்கிழமை வண்டி விடுவதில்லை. பிள்ளைகள் நடுரோட்டில் ஓடினார்கள். அந்த மூன்று மணி நேரம்தான் நான் அவர்கள் கையை விட்டது. வாசலுக்கு வெளியே வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டேன். அம்மா கையைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. எழுதும்போது இதுதான் தொண்டையை அடைக்கிறது.

சட்டம் என்று சொன்னீர்களே, அதையும் பக்கத்துத் தெரு வக்கீல் அக்காவிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். நடப்பவருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிவப்பில் ஓடினால், போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினால், தடுப்பு ஏறிக் குதித்தால், விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பாயம் இழப்பீட்டைக் குறைக்கலாம். குறைக்கட்டும், நியாயம்தான். ஆனால் அந்தப் பங்கு இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வண்டி இடித்தவுடனே நடந்தவர் பாதிக் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள் அண்ணா. 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறைப்படி, சிக்னல் இல்லாத ஜீப்ராவில்கூட வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். முன்னால் போக இடமில்லை என்றால் ஜீப்ரா மேல் ஏறவே கூடாது. இடித்துவிட்டால் அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வது ஓட்டியவர் கடமை, மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவு. பைக் ஓட்டிய அந்தப் பையன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு ஆட்டோக்காரர். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"எல்லாரும்தான் அப்படி ஓட்டறாங்க, நீ மட்டும் என்ன" என்று யாராவது எழுதுவீர்கள். எல்லாரும் ஓட்டுவதால்தான் இதைச் சொல்கிறேன். 2022-ல் மட்டும் இந்த நாட்டில் 32,000 பேருக்கு மேல் நடந்து போகும்போது செத்திருக்கிறார்கள், மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. அத்தனை பேரும் பார்க்காமல் குறுக்கே பாய்ந்தவர்களா?

"ஃபுட்பாத்துல போக வேண்டியதுதானே" என்பது அடுத்தது. எந்த ஃபுட்பாத்? எங்கள் தெருவில் அதன் மேல் டிரான்ஸ்ஃபார்மர், அதைத் தாண்டினால் நிறுத்திய பைக்குகள், அதையும் தாண்டினால் தூக்கிப்போட்ட கல் பலகை. மீதி இருக்கிற இடத்தில் நெரிசல் நேரத்தில் ஸ்கூட்டர் ஏறி வந்து நமக்கே ஹாரன் அடிக்கிறது. 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்றே சொல்லிவிட்டது. அந்த வழக்கு 2012-ல் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் போட்டது. உடைந்த எலும்புகளைத் தினமும் பார்க்கிறவர் கோர்ட்டுக்குப் போனார். நம் வீட்டிலோ, உடைந்த கையைப் பார்த்துவிட்டு "நீ ஏன் நடந்தாய்" என்று கேட்கிறோம்.

அப்பா இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை அல்சூரிலிருந்து கப்பன் பார்க் வரை நடத்தியே கூட்டிப்போவார். மில் சம்பளம், நாலு பிள்ளைகள். நீங்களும் வந்திருக்கிறீர்கள் அண்ணா, பெரியப்பா உங்களை எங்களோடு அனுப்புவார். வேர்க்கடலைப் பொட்டலத்தை அப்பா எண்ணிப் பங்கு போடுவார், உங்களுக்குத்தான் இரண்டு கூட. அன்றைக்கு அது உங்களுக்கு ஓசியாகத் தெரியவில்லை. நமக்கெல்லாம் அதுதான் லீவு.

அம்மா உங்கள் மெசேஜைப் படித்துவிட்டார். என் மகள்தான் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறாள், தெரியாமல். காலையில் என்னிடம், "நான்தான் பாக்காம போயிட்டேனோ என்னவோ, கேஸ் எதுவும் வேணாம்மா" என்கிறார். பச்சையைப் பார்த்து, இரண்டு பக்கமும் பார்த்து, என்னிடம் "போலாமா" என்று கேட்டுவிட்டு இறங்கியவர். இப்போது தன் மேலேயே சந்தேகப்படுகிறார். கை ஆறு வாரத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதற்கு யாரும் நாள் சொல்லவில்லை.

புகார் கொடுத்தாயிற்று, திரும்ப வாங்கப்போவதில்லை.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அண்ணா. காரை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். புளிசாதம் நான் கட்டுகிறேன். பிள்ளைகளை நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தச் சிக்னலில் அம்மா கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.