'கிங்ஸ்': பழியைக் குடிமேல் மட்டும் போட முடியாது

'கிங்ஸ்' படம் பார்த்தவர்களில் பலர் "குடி கெடுத்த குடும்பங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

டாம் காலின்ஸ் இயக்கி 2007-இல் வந்த ஐரிஷ் மொழிப் படம் இது. நடுநடுவே ஆங்கிலமும் வரும். மூலம், ஜிம்மி மர்ஃபி எழுதிய மேடை நாடகம். 1970-களில் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கானமாராவிலிருந்து ஆறு இளைஞர்கள் லண்டனுக்குக் கிளம்புகிறார்கள். நாலு காசு பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடலாம் என்பதுதான் எண்ணம். முப்பது வருஷம் ஓடிவிடுகிறது. ஜாக்கி ரயிலில் அடிபட்டுச் சாக, மற்ற ஐந்து பேரும் துக்கத்துக்குக் கூடுகிறார்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோக வயதான தகப்பன் வந்திருக்கிறார். அப்புறம் ஒரு பப், விடிய விடியக் குடி, பழங்கதை, கைகலப்பு.

லண்டனில் கிரிக்கில்வுட், கில்பர்ன் பக்கம் ஐரிஷ்காரர்கள் கட்டட வேலைக்குப் போன விதம் தெரிந்தால் இந்தக் குடி வேறு மாதிரி தெரியும். விடியற்காலையில் 'கிரவுன்' பப் வாசலில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி வேனில் வந்து ஆள் பொறுக்கிக்கொண்டு போவார். 'லம்ப்' என்ற முறையில் கூலி கையில் ரொக்கமாக வரும். வரிப் பிடித்தம் இல்லை, காப்பீடு இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. காசோலையாகக் கொடுத்தால் இன்னும் மோசம். வங்கிக் கணக்கு இல்லாதவன் அதை மாற்ற பப்புக்குத்தான் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தவர் கடையில் குடிக்காமல் எழுந்து வர முடியுமா? இப்படி இருபது வருஷம் மண்வெட்டி பிடித்தவன் வயதான காலத்தில் பென்ஷன் கேட்டுப் போனால், வேலை பார்த்ததற்கே அத்தாட்சி கிடையாது. இவனிடம் போய் "ஏன் சேமிக்கவில்லை?" என்று கேட்பது என்ன நியாயம்?

சரி, ஊருக்காவது திரும்பியிருக்கலாமே? வெறுங்கையோடு எப்படிப் போவது! ஐந்து பேரில் ஊரைப் பற்றி ஓயாமல் பேசுகிறவன் ஜாப். அந்தப் பெருமைப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நிற்கிறான் என்பது கூட்டாளிகளுக்கும் தெரியும். டோனல் ஓ'கெல்லி இந்த வேடத்தில் பின்னியிருக்கிறார். இதற்கிடையில் 1990-களிலிருந்து அயர்லாந்து பணக்கார நாடாகிவிட்டது. இவர்கள் மனசில் வைத்திருந்த ஊர் அங்கே இல்லவே இல்லை.

எனக்குப் பிடித்த பாத்திரம் ஜோ. கோம் மீனி நடித்திருக்கிறார். அதே கட்டடத் தொழிலில் கான்ட்ராக்டராகி முன்னுக்கு வந்தவன். மற்றவர்களுக்கு அவன்மேல் பொறாமை, அவனுக்கு உள்ளுக்குள் குற்ற உணர்ச்சி. ஆனால் எந்த மாதிரித் தொழில் அவனைத் தூக்கிவிட்டுக் கூட்டாளிகளைக் கீழே போட்டது என்பதைப் படம் முழுசாகப் பேசவில்லை. சட்டென்று நட்பு, துரோகம் என்று தனிமனிதக் கணக்குக்குள் போய்விடுகிறது. அதுதான் என் மனத்தாங்கல். பப்புக்குள் போனபிறகு நாடக வாடையும் தூக்கல்தான்.

ஆஸ்கருக்கு அயர்லாந்து அனுப்பிய முதல் ஐரிஷ் மொழிப் படம் இது. இறுதிப் பட்டியலுக்குப் போகவில்லை. 2022-இல் வந்த இன்னொரு ஐரிஷ் மொழிப் படமான 'தி கொயட் கேர்ள்' அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது. அதை ரசித்தவர்கள் இதையும் தேடிப் பாருங்கள். அந்த அமைதியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், இங்கே ஆளாளுக்குக் கத்துவார்கள்.