மார்சேயும் என் முழங்காலும்
பிரான்சின் துறைமுக நகரான மார்சேயை நடந்தே பார்த்துவிடலாம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ! பழைய துறைமுகத்தில் நின்று அண்ணாந்தால் நோத்ர்தாம் த லா கார்த் தேவாலயம் கூப்பிடு தூரத்தில் தெரிகிறது. கைப்பேசி வரைபடமும் கிட்டத்தான் என்கிறது. அது சுமார் 150 மீட்டர் உயரக் குன்று என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லாது. படி முடிந்ததே என்று மூச்சு விட்டால், திருப்பத்தில் இன்னொரு வரிசை.

சரி, கடலுக்காவது போவோம் என்று நகரின் ஓரத்திலுள்ள லுமினியிலிருந்து சுகித்தோன் கலாங்குக்குக் கிளம்பினேன். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் நுழைந்த இடுக்கு அது. முதல் நாள் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மண் அரிப்பைக் குறைக்க, 2022 முதல் கோடையில் முன்பதிவு செய்த 400 பேருக்குத்தான் ஒரு நாளைக்கு அனுமதியாம். காசு கிடையாது, நியாயமான ஏற்பாடுதான். எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் பதிவோடு போனேன். அத்தனை பேர் செருப்பும் தேய்த்துத் தேய்த்து, பாறை எண்ணெய் தடவிய அம்மிக்குழவி மாதிரி வழுக்குகிறது. உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினேன். பக்கத்தில் ஒரு பாட்டி ரப்பர் செருப்போடு விறுவிறுவென்று போகிறார்! வழியில் ஒரு தண்ணீர்க் குழாய் கிடையாது. அரை லிட்டர் பாட்டில் கீழே போகும்போதே காலி. அப்புறம் திரும்பி ஏற வேண்டுமே, உச்சி வெயிலில்.