கணவாய்க்கு நரம்பு உண்டு

"கணவாய்க்கு முதுகெலும்பு இல்லை, அதனால் நரம்பும் கிடையாது, அறுத்தாலும் எதுவும் தெரியாது." கணவாய் என்னும் கடல் உயிரினத்தைப் பற்றி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களான நீரோடி, தூத்தூர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

முதுகெலும்பு வேறு, நரம்பு வேறு. ஊசிக்கணவாயைச் சுத்தம் செய்யும்போது கண்ணாடி போல ஒரு தகட்டை உருவி எடுப்போமே, அது முதுகெலும்பும் அல்ல, நரம்பும் அல்ல; கணவாயின் மூதாதைகளுக்கு இருந்த ஓட்டின் மிச்சம். நரம்புகள் உடல் கூட்டின் உட்சுவரில் விசிறி போலப் பிரிந்து ஓடுகின்றன. அவற்றில் பெரிய இழை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும். மனித நரம்பிழையைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும்! கணவாய் சட்டென்று நீரைப் பீய்ச்சித் தப்புவது இந்த இழையால்தான்.

பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஜே. இசட். யங் 1936-இல் இந்தப் பெரிய இழையை விளக்கினார். அப்புறம் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள்ளேயே மின்முனையைச் செருகி மின்னழுத்தத்தை அளந்தார்கள். சோடியம் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) உள்ளே பாய, பிறகு பொட்டாசியம் வெளியேற, அதுதான் நரம்புச் செய்தி என்று 1952-இல் காட்டினார்கள். 1963-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் உடலின் நரம்பும் இதே முறையில்தான் பேசுகிறது.

சரி, அறுத்தால் தெரியாதா? காயத்தை உணரும் நரம்பு செல்களும் கணவாயில் உண்டு. செய்தியை அனுப்பியவர்கள் தயவுசெய்து அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள்.