வேன் வாடகை யார் கொடுத்தது?

கட்சி மாநாட்டுக்கு ஆள் சேர்க்கும் கணக்கு நம்மூரில் ஊரறிந்த ரகசியம். தலைமை மாவட்டத்துக்கு இத்தனை ஆயிரம் பேர் என்று சொல்லும். மாவட்டச் செயலாளர் அதை ஒன்றியத்துக்கு இத்தனை வண்டி என்று பிரிப்பார், ஒன்றியம் கிளைக்குப் பிரிக்கும். வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, தலைக்கு 200 முதல் 500 வரை, மதியத்துக்கு பிரியாணிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், ஆம்பளைங்களுக்குத் தனியாக ஒரு குவார்ட்டர். விவரமான கிளைச் செயலாளர் முழுப் பணத்தையும் ஏறும்போதே கொடுத்துவிட மாட்டார். பாதி ஏறும்போது, மீதி ஊர் திரும்பி இறங்கும்போது. மொத்தமாகக் கொடுத்தால் தலைவர் மைக்கைப் பிடிப்பதற்குள் பந்தலின் பின்பக்கம் காலியாகிவிடும். நடவு, அறுப்பு சமயம் என்றால் ரேட்டு ஏறும். மேலே சொல்லும் எண்ணிக்கை ஒன்று, வண்டியில் ஏறிய தலை ஒன்று. அந்த வித்தியாசம் யாரோ ஒருவர் பையில்.

இருபது வருஷம் இந்தக் கணக்கைப் போட்டு மேலே வந்தவர் மந்திரியாகிறார். கூப்பிடாமலேயே ஒரு கூட்டம் ரோட்டில் வந்து உட்கார்கிறது. அவர் வாயில் வரும் முதல் கேள்வி 'என்ன கேக்குறாங்க' இல்லை, 'யார் செலவு பண்றா'. அது நடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலர் நிஜமாகவே நம்புகிறார்கள். கூட்டம் சேர அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

செலவே ஆகாத போராட்டம் கிடையாது. சரியான கேள்விதான், பதிலைத் தேடும் இடம்தான் தப்பு. இடிந்தகரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை வெடித்த பிறகு கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மாதா கோவில் முன்னால் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். வேலைவெட்டி இல்லாமல் எப்படி உட்கார முடிகிறது, எவனோ காசு தருகிறான் என்றார்கள். பந்தலுக்குள் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெண்கள் மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்கள். கூலி நிற்கவில்லை. ஆண்கள் கடலுக்குப் போனார்கள், பிடித்த மீனில் ஒரு பங்கை ஊருக்குக் கொடுத்தார்கள். கடற்கரை ஊர்களில் இது புதுசில்லை. திருவிழா, ஊர் வழக்கு எல்லாம் காலங்காலமாக இந்த மகமை, அதாவது ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைக்கும் பங்கு மாதிரியான பணத்தில்தான் நடக்கிறது. தொடர் உண்ணாவிரதம் என்பதும் முறை வைத்துத்தான்: இன்று ஒரு கூட்டம் பட்டினி, நாளைக்கு வேறு கூட்டம்.

புதிய வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததும் இதே சூத்திரத்தில்தான். 2021 பிப்ரவரியில் விவசாய சங்கத் தலைவர் ராகேஷ் திகாயத் சொன்ன கணக்கு: ஊருக்கு ஒரு டிராக்டர், 15 ஆள், 10 நாள். பத்து நாள் முடிந்தால் அடுத்த 15 பேர். வயலில் வேலை கெடாது, கூட்டமும் குறையாது. சாப்பாட்டுக்கு லங்கர், சீக்கியர்களின் இலவசப் பொதுச் சமையல். அதே பிப்ரவரி 8-ம் தேதி மாநிலங்களவையில் பிரதமர் மோடி 'அந்தோலன்ஜீவி' என்று ஒரு சொல்லைப் பிறப்பித்தார், அதாவது போராட்டமே பிழைப்பாக அலைபவர்கள். பஞ்சாப் மண்டிகளின் கமிஷன் ஏஜெண்டுகள் போராட்டத்துக்கு உதவினார்கள் என்பது உண்மை. புதிய சட்டம் வந்தால் அவர்களுடைய 2.5 சதவீதக் கமிஷனுக்கு ஆபத்து, அதனால் உதவினார்கள். சுயநலம் இருந்தால் கோரிக்கை பொய்யா? நிலம் போகிறவன் சுயநலத்தில்தான் கத்துவான்.

சந்தேகம் வளர இன்னொரு வாய்க்கால் உளவுப் பிரிவு. போராட்டம் நடக்கும் ஒவ்வொரு நாளும் மேலே குறிப்பு போகும். எத்தனை பேர், எந்த அமைப்பு, யார் பேசினார், என்ன கோஷம், பின்னணியில் யார். அந்தக் கடைசி வரியை எவரும் காலியாக விடுவதில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் 'ஏன் முன்னாடியே சொல்லலை' என்று கேட்பார்களே. அதனால் கூட்டத்தில் தென்பட்ட இடதுசாரித் தோழர், பாதிரியார், வெளியூர்ப் பையன் எல்லோரும் 'பின்னணி' ஆகிவிடுவார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் ஒரு வாரம் உட்கார்ந்த பிள்ளைகளைப் பாராட்டாதவர் இல்லை. 23-ம் தேதி தடியடி நடந்தது. நாலு நாள் கழித்து சட்டசபையில் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் எடுத்துக் காட்டியது, கூட்டத்தில் ஒருவர் ஒசாமா பின்லேடன் படத்தோடு நிற்கும் போட்டோவை.

எல்லாச் சந்தேகமும் அபாண்டம் என்று நான் சொல்ல வரவில்லை. லெட்டர்பேடு அமைப்புகள் இருக்கின்றன. கல்குவாரிக்கு எதிராக மனு கொடுப்பார்கள், போஸ்டர் ஒட்டுவார்கள், முற்றுகைத் தேதி அறிவிப்பார்கள். முந்தின நாள் ராத்திரி சத்தமில்லாமல் தேதி தள்ளிப்போகும். ஆளுங்கட்சிக்காரர் இந்த மாதிரி ஆட்களை அடிக்கடி பார்க்கிறார், அதனால் எல்லோரையும் அதே தராசில் நிறுக்கிறார். ஆனால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. செட்டில்மென்ட் கோஷ்டி தனியாகப் பேசத்தான் விரும்பும், வாபஸ் வாங்கும்போது காரணம் சொல்லாது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்தவர்கள் கேட்டது ஆலையை மூடும் அரசாணை. 2018 மே 22, 23-ல் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர் போன பிறகு, 28-ம் தேதி அந்த அரசாணை வந்தது. சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று அப்போது ஊரெல்லாம் சொன்னார்கள், ரஜினிகாந்த் உட்பட. அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை போலீஸ் துப்பாக்கிச்சூட்டைத்தான் குற்றம் சொன்னது. மூடியது செல்லும் என்று 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் வேதாந்தாவின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

சந்தேகம் எப்போது பிறக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2011 செப்டம்பர் 22-ல் ஜெயலலிதாவின் அமைச்சரவை, மக்கள் அச்சம் தீரும்வரை கூடங்குளம் பணியை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18-ல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். 19-ம் தேதி அதே அமைச்சரவை உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது, ராதாபுரம் பக்கம் போலீஸ் குவிந்தது, ராஜத்துரோக வழக்குகள் குவிந்தன. அதே ஊர், அதே பந்தல், அதே கோரிக்கை. ஓட்டுப்பெட்டிக்கு சீல் வைத்தவுடன் அவர்களுடைய நோக்கம் மட்டும் கெட்டுப்போய்விட்டது!

கடைசியாக வெளிநாட்டுப் பணம். 2012 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழ் பேட்டியில் மன்மோகன் சிங் அமெரிக்க, ஸ்காண்டிநேவியத் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். 2023 ஏப்ரலில் ஆளுநர் ஆர்.என்.ரவி கூடங்குளம், ஸ்டெர்லைட் இரண்டையும் சேர்த்தே சொன்னார். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு வினோதமான குற்றச்சாட்டு என்று புரியும். 2010 சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு ஒரே ஒரு குறிப்பிட்ட வங்கிக் கணக்கில்தான் வெளிநாட்டுப் பணம் வாங்கலாம். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆடிட்டர் கையெழுத்தோடு உள்துறை அமைச்சகத்துக்குக் கணக்கு போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணமெல்லாம் டெல்லி நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் பேங்க் கிளை வழியாகத்தான் வர முடியும். ஆதாரம் முழுக்க அரசாங்கத்தின் மேஜையில். இருந்தால் எடுத்துப் போட வேண்டியதுதானே? நடந்தது தலைகீழ்: அமைப்புகளின் ஆண்டுக் கணக்குகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருந்ததையே 2022 ஜூலையில் அமைச்சகம் எடுத்துவிட்டது.

கட்சிகள் இந்தச் சட்டத்தின் முந்தைய வடிவமான 1976 சட்டத்தில் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட், சேசா கோவா கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கிய வகையில் காங்கிரஸ், பாஜக இரண்டுமே சட்டத்தை மீறியதாக 2014 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆமாம், அதே ஸ்டெர்லைட். அதன் பிறகு 2016 நிதி மசோதாவுக்குள் ஒரு திருத்தம் நுழைந்தது: அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் கம்பெனி தரும் பணம் 2010-லிருந்தே வெளிநாட்டுப் பணம் ஆகாது. அதற்கு முன்னால் வாங்கியது என்ன ஆவது? 2018 நிதி மசோதாவில் தேதியை இன்னும் பின்னால் தள்ளினார்கள், 1976 ஆகஸ்ட் 5-க்கு.