வெடிகுண்டு மிரட்டல் வந்தால் தீ அலாரத்தை அடிக்கலாமா?

"அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தால் உடனே தீ அலாரத்தை அடியுங்கள், எல்லோரும் வழக்கமான இடத்தில் கூடட்டும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறார்கள். ஆனால் இது தவறு, ஆபத்தும்கூட.

தீ என்றால் அது எங்கே எரிகிறது என்று ஓரளவு தெரியும். குண்டு எங்கே இருக்கிறதென்று தெரியாது. படிக்கட்டிலோ, வாசலிலோ, நாம் கூடி நிற்கும் அதே வாகன நிறுத்துமிடத்திலோ இருக்கலாம். அலாரம் அடித்தால் மொத்தக் கூட்டமும் யாரும் சோதித்துப் பார்க்காத வழியில் இறங்கும். வெடிகுண்டு மிரட்டலின்போது செய்ய வேண்டியவை, கூடாதவை பற்றிய அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பட்டியலும் தீ அலாரத்தை இயக்கக் கூடாது என்றே சொல்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் காவல்துறையை அழையுங்கள். அழைத்தவர் சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். வெளியேறும் வழியையும் கூடும் இடத்தையும் சோதித்துப் பார்த்த பிறகே ஆட்களை அனுப்ப வேண்டும். பிரிட்டன் வழிகாட்டுதலின்படி, சந்தேகப் பொருள் பை அளவு என்றால் 100 மீட்டர், கார் என்றால் 200, லாரி என்றால் 400 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வாசலுக்கு எதிரே நிற்பது போதவே போதாது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: தீயின்போது பையை விட்டுவிட்டு ஓடச் சொல்வோம். இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சொந்தப் பையை எடுத்துக்கொண்டு போவதே நல்லது. அப்போதுதான் தேடுபவர்களுக்கு யாருடையது என்று தெரியாத பைகள் குறையும். அடுத்தவர் பொருளை மட்டும் தொடாதீர்கள். சந்தேகப் பொருளின் அருகில் செல்போனைப் பயன்படுத்தவும் வேண்டாம்.