எட்டு குரூசர், எட்டும் வெளிநாட்டு யார்டு

ரஷ்ய-ஜப்பான் போர் பற்றிய அந்த மேடைப் பேச்சை மறுபடி விளக்கப் போவதில்லை. எல்லார் சமூக வலைப் பக்கத்திலும் அந்த வீடியோதான் ஓடுகிறது. அந்நியனிடம் கையேந்தாமல் சொந்தக் கப்பல் கட்டி ரஷ்யாவைக் கவிழ்த்ததாம் ஜப்பான். அரங்கமே கைதட்டுகிறது.

1905 மே 27. ரஷ்யாவை முறியடித்த சுஷிமா கடற்போரில் ஜப்பான் தளபதி டோகோவின் சண்டை வரிசையில் நின்றவை 12 பெரிய கப்பல்கள். அதில் நான்கு பேட்டில்ஷிப்பும் (முதல் ரகப் பெரிய போர்க்கப்பல்) பிரிட்டனில் கட்டியவை. மீதி எட்டும் ஆர்மர்ட் குரூசர்கள், அதாவது அதற்கு அடுத்த ரகக் கவசக் கப்பல்கள். அசாமா, டோகிவா, இசுமோ, இவாத்தே நான்கும் நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் கம்பெனியின் எல்ஸ்விக் யார்டு (கப்பல் கட்டும் தளம்). யாகுமோ ஜெர்மனியின் ஸ்டெட்டின். அசுமா பிரான்சின் சான் நசேர். கசுகாவும் நிஷினும் இத்தாலி, ஜெனோவாவின் அன்சால்டோ. எட்டில் ஒன்றுகூட ஜப்பானில் கட்டியதில்லை. ஒன்றுகூட.

காசாவது சொந்தக் காசா என்றால், அதிலும் பெரும்பங்கு 1895-ல் போரில் தோற்ற சீனாவிடம் கறந்த நஷ்டஈடு.

"அப்போ ஜப்பான்காரனுக்குக் கட்டத் தெரியாதா?" என்று கோபப்படுவீர்கள். சின்ன குரூசர்களை யோகோசுகாவில் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சிக்கல் கவசத் தகட்டில். தகட்டைக் கடினமாக்கும் ஹார்வி முறையில் அதன் ஒரு முகத்தில் கரியை அடைத்து, உலையில் நாள்கணக்கில் சூடேற்றி, பிறகு தண்ணீரைப் பீய்ச்சிக் குளிரவைக்க வேண்டும். அந்த முகம் இறுகிவிட்டால் டிரில் இறங்காது. அதனால் வெட்டுவது, வளைப்பது, பின்பக்கம் போல்ட் துளை போடுவது எல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். குளிரும்போது தகடு கோணிக்கொண்டால் உடலோடு பொருந்தாது, மறுபடி உலைக்குத்தான். ஜெர்மனியின் குரூப் (Krupp) முறை இதைவிடச் சிரமம்: நிக்கல், குரோமியம் கலந்த எஃகு வேண்டும். ஜப்பானின் யவாட்டா எஃகு ஆலை ஓட ஆரம்பித்ததே 1901-ல். அசாமாவோ 1899-லேயே கடற்படைக்கு வந்தாயிற்று. கையேந்தாமல் எப்படிக் கட்டுவது, வாயாலா?

நான் ஜப்பானை மட்டம் தட்டவில்லை. அவர்கள் கெட்டிக்காரத்தனம் ஆர்டர் கொடுத்த விதத்தில் இருக்கிறது. பேச்சாளர் தொடாத இடமும் அதுதான். ஜெர்மனியிலும் பிரான்சிலும் கட்டச் சொன்னாலும் பீரங்கி ஆம்ஸ்ட்ராங் வகைதான் வேண்டும் என்றார்கள். இத்தாலிய ஜோடி போக மீதி ஆறு கப்பலிலும் இரட்டைக் கோபுரங்களில் நான்கு 8 அங்குலப் பீரங்கி (குழாய் வாயின் அகலம்). 6 அங்குலம் ஆங்கிலேயக் கப்பல்களில் 14, மற்ற இரண்டில் 12. யார்டு மூன்று தேசம், குண்டு ஒரே கிடங்கிலிருந்து.

இந்த ஒழுங்கு கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கசுகா இருக்கிறது. அதுவும் நிஷினும் அர்ஜென்டினாவுக்காகக் கட்டிய ஜோடி. சண்டை நெருங்கியதால் 1903 டிசம்பர் கடைசியில் இரண்டையும் அவசரமாக வாங்கினார்கள். ஜனவரி 9 ஜெனோவாவை விட்டுக் கிளம்பி, போர் மூண்ட பிறகு பிப்ரவரி 16 யோகோசுகா போய்ச் சேர்ந்தன. ஓட்டி வந்த மாலுமிகளும் பிரிட்டிஷ், இத்தாலியர்கள்! கசுகாவின் முன்கோபுரத்தில் ஒற்றை 10 அங்குலப் பீரங்கி. வரிசையில் வேறு எதிலும் அந்த அளவு கிடையாது. அதற்கென்று தனிக் குண்டு, தனி மருந்து. ஆனாலும் 1904 மே மாதம் ஹட்சுசே, யாஷிமா இரண்டு பேட்டில்ஷிப்பும் ஒரே நாளில் கண்ணிவெடியில் போனபோது அந்த இடத்தை நிரப்பியது இந்த ஜோடிதான்.

"சுட்டவன் ஜப்பான்காரன்தானே?" ஆமாம். யார் இல்லை என்றது?

"சுகுபா?" என்று ஒருவர் பாய்ந்து வருவார். ஜப்பானின் குரேயில் 12 அங்குலப் பீரங்கிகளோடு கட்டிய கப்பல், அருமையான வேலை. 1905 ஜனவரியில் அடிக்கட்டை போட்டு 1907 ஜனவரியில் முடித்தார்கள். சுஷிமா அன்று அது யார்டிலேயே கிடந்தது.

இதையெல்லாம் சொன்னால் எனக்குக் கிடைக்கும் பட்டம் "வெள்ளைக்காரன் ஜால்ரா". பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் எந்தக் கப்பல் எந்த யார்டில் பிறந்தது என்பதில் என் கொள்கைக்கு என்ன வேலை? பொய்யை மேடையில் சொன்னால் உத்வேகம், உண்மையைப் பதிவில் எழுதினால் துரோகமா?

வெளிநாட்டு ஆர்டரைத் திட்டத்தான் வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டுங்கள், சரக்கு நிறைய இருக்கிறது. சுகுபாவைச் சொந்தமாகக் கட்டி முடித்தவர்கள், 1910-ல் கொங்கோ என்ற போர்க்கப்பலுக்காக மறுபடி இங்கிலாந்தின் பாரோவில் விக்கர்ஸ் கம்பெனி வாசலுக்குப் போனார்கள். அந்த ஆர்டரில் கடற்படை அதிகாரி வாங்கிய லஞ்சம் வெளியே வந்து, 1914-ல் பிரதமர் யமமோட்டோ கொன்பெயின் அமைச்சரவையே கவிழ்ந்தது. அந்த ஆறு குரூசர்களுக்குத் திட்டம் போட்ட அதே யமமோட்டோ. கைவசம் இப்படி ஒரு விஷயம் இருக்க, இல்லாத கப்பலைக் கட்டி மேடையில் மிதக்க விடுகிறார்கள்.